வேலைக் குரலும் ஒரு குதிரையும்

பிப்ரவரி 3

அக்கா,

இனிமே போன் பண்ணாதே. எழுது. ஸ்கூல் வேன் ஓட்டறவளுக்கு ஸ்டியரிங் பிடிச்ச கையில பேனா பிடிக்க வரலை, இருந்தாலும் நானும் எழுதறேன். போன் மட்டும் வேண்டாம்.

நேத்து நீ கூப்பிட்டப்ப யார் எடுத்தா தெரியுமா? உன் பொண்ணு. இத்தனை நாள் மணி அடிச்சாலே எழுந்து போயிடற வாலு, நேத்து என்ன தோணுச்சோ, ஓடி வந்து எடுத்தா. நீ என்ன சொன்னே? "அவசர உதவி. சொல்லுங்க, எங்கேருந்து பேசறீங்க?" அடக் கடவுளே, கூப்பிட்டதே நீதானே! அவ ரிசீவரை மேஜை மேல வெச்சுட்டுப் போய் பாத்ரூம் தரையில உட்கார்ந்துட்டா. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரலை.

உனக்குத் தெரிஞ்ச கதைதான், இருந்தாலும் சொல்றேன். ஒரு தடவையாவது உன் மண்டையில ஏறட்டும். அந்த மத்தியானம் நீச்சல் முடிச்சு வீட்டுக்கு வந்த பிள்ளை, அப்பா தரையில கிடக்கறதைப் பார்த்து ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சா. உன் ஆபீஸ் ஹால்ல போன் எடுக்க அத்தனை பேர் உட்கார்ந்திருக்கீங்க, அது உன் காதுக்கா வந்து விழணும்! "அம்மா, நான்தாம்மா"ன்னு அவ கத்தறா. நீ அவகிட்ட அட்ரஸ் கேட்கறே. உன் வீட்டு அட்ரஸ். பதில் சொல்லலைன்னு மறுபடியும் கேட்கறே. பதினொரு வயசுப் பிள்ளை அதை எங்கே கொண்டு போய் வெச்சுக்குவா?

அடக்கத்தன்னைக்கும் நீ ஒரு சொட்டு கண்ணீர் விடலை. நான் அழுத அழுகையில, வந்தவங்கள்ல பாதிப் பேர் நான்தான் பொண்டாட்டின்னு நெனச்சு என் கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்த மாமா அவர். ஆத்தமாட்டாம அழுதேன். நீ வாசல்ல நின்னு வந்தவங்க செருப்பை நேரா அடுக்கி வெச்சுக்கிட்டு இருந்தே.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இங்க ஸ்கூல்ல ஏப்ரல் கடைசிக்குள்ள சேர்க்கை. வாலு இங்கேயே படிக்கட்டும்னு நான் நெனைக்கறேன். நீ அவளுக்கு அம்மாவா திரும்பி வர்றதா இருந்தா அதுக்குள்ள வா. இல்லேன்னா விட்டுடு, நான் வளர்த்துக்கறேன். என் ரெண்டு தடியன்களோட மூணாவதா இருந்துட்டுப் போறா.

உன்னை ஆபீஸ்லேர்ந்து குதிரைகிட்ட அனுப்பறாங்களாமே? வைத்தியம் குதிரைக்கா, உனக்கா?

தங்கை


பிப்ரவரி 12

தங்கைக்கு,

கடிதம் வந்தது. நீ கேட்டதுக்கு வரிசையா பதில் சொல்றேன்.

போன்ல அப்படிப் பேசினது எனக்கு ஞாபகம் இல்லை. நீ எழுதித்தான் தெரியும். ரிசீவர் காதுல பட்டதும் அது தானா வருது. இனிமே கூப்பிட மாட்டேன்.

வேலைக்கு இப்ப போகலை. போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வாரத்துல ஒரு நாள் அந்தக் குதிரை இடத்துக்குப் போறேன். பஸ் கடைசி நிறுத்தத்துல இறங்கி நடக்கணும். மரவேலி போட்ட மணல் திடல், பின்னாடி தகரக் கொட்டில், மூணு குதிரை. ஒரு பொம்பளை கவுன்சலர், குதிரைகளைப் பார்த்துக்கறவர் ஒருத்தர். மூடின ஷூ போட்டுட்டு வரச் சொன்னாங்க. தலைக்கு ஹெல்மெட் கொடுத்தாங்க. நான் ஏறி உட்காரணும்னு நெனச்சேன். ஏறவே வேண்டாமாம். கடைசி வரைக்கும் தரையிலதான்.

முதல் தடவை வேலிக்கு வெளியே நின்னு பார்க்கறது மட்டும்தான். "என்ன பார்க்கறீங்க?"ன்னு கவுன்சலர் கேட்டாங்க. "பழுப்பு நிறம், பெண், சுயநினைவோட இருக்கு, மூச்சு சீரா இருக்கு, வலது பின்னங்கால்ல பாரம் வைக்கலை"ன்னேன். அவங்க சிரிச்சுட்டாங்க. காலுக்கு ஒண்ணுமில்லையாம், ஓய்வா நிக்கறப்ப அப்படித்தான் ஒரு காலைத் தளர்த்தி நிக்குமாம். "உங்களுக்கு என்ன தோணுது?"ன்னு அடுத்த கேள்வி. ஒண்ணும் தோணலைன்னேன். அது உண்மை.

பல் பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்களே, உதடு இருக்கா இல்லையான்னு தொட்டுப் பார்த்துத்தான் தெரியும். எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கு. நேத்து தோசைக்கல்லு மாதிரி சூடான பாத்திரத்தை வெறும் கையால இறக்கி வெச்சிருக்கேன். கொப்புளம் வந்த பிறகுதான் பார்த்தேன்.

அவர் சட்டைகளைத் துவைச்சு அடுக்கிட்டேன். வாலுவோட அறையைப் பெருக்கினேன். அவ நல்லா சாப்பிடறாளா?

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

இது கடிதமா, போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கற புகாரா? "அவ நல்லா சாப்பிடறாளா"வாம். உப்புச் சப்பில்லாம ஒரு கேள்வி.

சாப்பிடறா. படிக்கறா. சொன்ன பேச்சு கேட்கறா. அதுதான் சரியில்லை. வாலுன்னு மாமா சும்மாவா பேர் வெச்சார்? ஜன்னல் கம்பியில தொங்கின பிள்ளை, இப்ப தட்டைக் கழுவி, துடைச்சு, கவிழ்த்து வெச்சுட்டுப் போறா. என் சின்னவன் அவ பென்சிலை உடைச்சான். "பரவாயில்லை"ங்கறா. பழைய வாலுவா இருந்தா அவன் காதைக் கடிச்சிருப்பா. பக்கத்து வீட்டுக்காரம்மா "அம்மா எங்கேம்மா?"ன்னு கேட்டாங்க. "டூட்டியில இருக்காங்க"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா. தாயும் பொண்ணும் ஒரே அச்சு.

ஒரு தடவைதான் வாயைத் திறந்தா. வேன்ல முன்சீட்ல என் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. "சித்தி, அம்மா என் மேல கோபமா இருக்காங்களா?"ன்னா. ஏன்டி அப்படிக் கேட்கறேன்னேன். "இல்லை, சும்மா"ன்னுட்டா. நீ அவளைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலைக்கா. அந்த நாளைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசினியா அவகிட்ட?

கைக்கு மருந்து போட்டியா இல்லையா? அதையாவது ஒழுங்கா எழுது.

தங்கை


மார்ச் 7

தங்கைக்கு,

கைக்கு மருந்து போட்டேன். காய்ஞ்சிருச்சு.

இந்த வாரம் திடலுக்கு உள்ளே விட்டாங்க. பழுப்புக் குதிரைக்குப் பேர் மேடம். கொஞ்சம் திமிர்பிடிச்சதுன்னு குதிரைக்காரர் அப்படிக் கூப்பிடறார். அதுகிட்ட நடந்து போய் நிக்கணும், அவ்வளவுதான் வேலை. பின்பக்கமா போகக் கூடாது, தோள்பக்கமா, அது பார்க்கற மாதிரி போகணும். நான் அப்படியே போனேன். பேசிக்கிட்டே போனா அதுக்கு நல்லதுன்னாங்க. "பயப்படாதீங்க. நான் உங்க கூடவே இருக்கேன். உதவி வந்துக்கிட்டு இருக்கு"ன்னேன். மேடம் காதைப் பின்னாடி மடக்கிச்சு. முதுகைக் காட்டித் திரும்பி, திடலோட அந்தக் கோடிக்குப் போயிடுச்சு. மறுபடி போனேன், மறுபடி போயிடுச்சு. கடைசி வரைக்கும் அப்படியே.

குதிரைக்காரர் சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னார். கவுன்சலர் சிரிக்கலை. "உங்க குரல் ஒண்ணுமில்லைங்குது. உங்க தோளும் கையும் இறுகிப் போயிருக்கு. எதை நம்பறதுன்னு அதுக்குத் தெரியலை, அதான் விலகிப் போகுது"ன்னாங்க. அதுதாங்க என் வேலை, நாள் முழுக்க அதைத்தான் பண்றேன்னு சொன்னேன். "வேலையில அது சரி, கால் பண்றவங்க உங்க தோளைப் பார்க்கறதில்லை"ன்னாங்க.

அந்த நாளைப் பத்திக் கேட்டே. உனக்குச் சொல்றேன்.

குரல் கேட்ட உடனே எனக்குத் தெரியும், வாலுதான்னு. பக்கத்து மேஜையில இருந்த சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துட்டு லைனைத் தான் வாங்கிக்கறேன்னு கையை நீட்டினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். லைன் மாறும்போது கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்த நேரம் அவ தனியா இருப்பா. அதனால கொடுக்கலை.

அட்ரஸ் எனக்குத் தெரியாதா? அது என் வீடுன்னு அந்த நேரத்துல நான் ஒத்துக்கிட்டா என் கை ஓடியிருக்காது. எழுந்து ஓடியிருப்பேன். ஓடினா அவகிட்ட யார் பேசறது? அவ வாயால சொன்னா, நான் கேட்டு டைப் பண்ணினேன், வேற யாரோ வீடு மாதிரி. முட்டி போட்டு உட்காரச் சொன்னேன். அவர் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வைக்கச் சொன்னேன். அமுக்கச் சொன்னேன். என்கூட சேர்ந்து எண்ணச் சொன்னேன். ஆம்புலன்ஸ் ஆளுங்க கதவைத் திறந்து உள்ளே வர்ற வரைக்கும் எண்ணினோம். அம்மாவா இருந்து அதைச் சொல்லியிருக்க என்னால முடியாது. வேலைக்காரியா இருந்தேன். அதுக்கப்புறம் அதுலேர்ந்து வெளியே வரத் தெரியலை. இதுதான் நடந்தது.

ஆபீஸ்ல அந்த கால் பதிவைப் போட்டுக் கேட்டாங்க. ரொம்ப நல்லா கையாண்ட கால்னு சொன்னாங்க. புதுசா சேர்றவங்களுக்குப் போட்டுக் காட்டலாமான்னு கேட்டாங்க. சரின்னேன்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

உன் கடிதத்தை வேன்ல உட்கார்ந்து படிச்சேன். ஸ்கூல் விடற நேரம். பிள்ளைங்க ஏறிட்டாங்க, நான் வண்டியை எடுக்கலை. "ஆன்ட்டி அழறாங்க"ன்னு ஒண்ணு கத்த, எல்லாம் முன்னாடி வந்து எட்டிப் பார்க்க, மானம் போச்சு. சளி பிடிச்சிருக்குன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

இதையெல்லாம் இத்தனை நாள் எதுக்கு வயித்துல பூட்டி வெச்சிருந்தே? உன்னைக் கல்நெஞ்சக்காரின்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே நான். இனி யார் யார்கிட்ட போய் திருப்பி வாங்கறது?

முதல்ல ஒரு வேலை பண்ணு. அந்தப் பதிவைப் போடக் கூடாதுன்னு போய்ச் சொல்லு. என் வாலு அழற சத்தத்தைக் கேட்டு எவனோ பாடம் படிக்கணுமா? "சரி"யாம்! எந்த வாயால சரின்னு சொன்னே? நீ போகலைன்னா நான் வேனை நேரா உன் ஆபீஸ் வாசலுக்கே கொண்டு வந்து நிறுத்துவேன், என்னைப் பத்தித் தெரியும்ல.

நீ எழுதினதை நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். அது என் வாயால போகக் கூடாது. நீதான் சொல்லணும்.

உள்ளதைச் சொல்லிடறேன், அக்கா. அவ இங்கேயே இருந்துடணும்னு எனக்கு ஆசைதான். காலையில அவளுக்குத் தலை பின்னி விடறேன். ரெண்டு ஆம்பளைப் பசங்க இருக்கற வீட்ல அது எனக்கு எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது. அதனால உனக்கு உதவி பண்றப்ப எனக்குக் கை கொஞ்சம் கூசத்தான் செய்யுது. இருந்தும் பண்றேன். உங்க குதிரை இடத்துல குடும்பத்தையும் வரச் சொல்வாங்களான்னு கேளு. லீவு விட்டதும் கூட்டிட்டு வர்றேன். அவகிட்ட கேட்டேன். "குதிரையைப் பார்க்க வர்றேன்"ன்னா. குதிரையைத்தான், உன்னை இல்லை. இப்பவே சொல்லிட்டேன், அங்கே வந்து முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே.

தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

பதிவு வேண்டாம்னு சொல்லிட்டேன். சூப்பர்வைசர் உடனே எடுத்துட்டார். அவருக்கும் அது பிடிக்கலை போல, தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

அவளைக் கூட்டிட்டு வரலாம்னு சொன்னாங்க. அவகிட்ட முன்கூட்டியே இதையெல்லாம் சொல்லிடு, அங்கே வந்து ஏமாந்துடக் கூடாது. சவாரி கிடையாது. மூடின ஷூ, முழு பேன்ட், முடியை இறுக்கிக் கட்டணும். ஓடக் கூடாது, கத்தக் கூடாது. குதிரை இருக்கறப்ப திடல்ல தரையில உட்காரக் கூடாது. தேய்க்கறதுக்கு பிரஷ் கொடுப்பாங்க, முடி போற பக்கமாத்தான் தேய்க்கணும். அப்புறம் கயிற்றைக் கொடுத்து நடத்திட்டுப் போகச் சொல்வாங்க. கயிற்றை இழுத்தா அது வராது. நாம போனா வரும், சில நாள் அப்பவும் வராது. அதுக்காக அவ மனசு உடைஞ்சுடக் கூடாது. நடுநடுவுல கவுன்சலர் உடம்புல எங்கே என்ன தெரியுதுன்னு கேட்பாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், திட்ட மாட்டாங்க. நான் எல்லா வாரமும் அதைத்தான் சொல்றேன். போய்ட்டு வந்த உடனே எல்லாம் சரியாயிடும்னும் சொல்லிடாதே. எனக்கு ஆகலை.

போன வாரம் மேடம் என்னை நிக்க விட்டுச்சு. நான் பேசலை. வாயை மூடிக்கிட்டு கழுத்துல பிரஷ் போட்டேன். ரொம்ப நேரம் போட்டிருப்பேன் போல, தோள்பட்டை வலிச்சுது. வலிக்குதுன்னு கவுன்சலர்கிட்ட சொன்னேன். அவங்களுக்கு ஏனோ அதுல சந்தோஷம். மேடம் கீழ்த்தாடையை அசைச்சு வெறும் வாயை மென்னுச்சு. அது இறுக்கம் விட்டு இருக்கறதுக்கு அடையாளமாம். எனக்கு அப்பவும் பெருசா ஒண்ணும் இல்லை.

அவ வரும்போது நான் வேலிக்கு வெளியே நிக்கறேன். அவ கூப்பிட்டாத்தான் உள்ளே போவேன்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

வீடு வந்து சேர்ந்தோம். வாலு தூங்கறா. எனக்குத் தூக்கம் வரலை, எழுதறேன்.

நீ மயக்கத்துல இருந்தே, உனக்கு முழுசா தெரிஞ்சிருக்காது. வேலிக்கு வெளியேருந்து பார்த்தவ நான், சொல்றேன் கேளு. வாலு கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, மேடம் நகரவே மாட்டேங்குது. பிள்ளை இழுக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, மரம் மாதிரி நிக்கறா. "அம்மா உள்ளே வரலாமா?"ன்னு கவுன்சலர் கேட்டாங்க. வாலு தோளைக் குலுக்கினா. அவ வரச் சொன்னதா நீ எடுத்துக்கிட்டுப் போனே. அவ எதிர்ல நின்னே, வாயைத் திறந்தே. அந்தப் பாழாய்ப்போன வேலைக் குரல் வரப் போகுதுன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். ஒண்ணும் வரலை. சத்தமே வரலை உனக்கு. அப்புறம் அப்படியே மடங்கி மணல்ல விழுந்தே. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலைன்னு அப்புறம் சொல்றே, அறிவு கெட்டவளே.

குதிரைக்காரர் ஓடி வர்றதுக்குள்ள உன் பொண்ணு கயிற்றை விட்டுட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, உன் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு அமுக்க ஆரம்பிச்சுட்டா, அக்கா. சத்தமா எண்ணிக்கிட்டு. எனக்கு அல்லு விட்டுப் போச்சு. வேலி ஏறிக் குதிக்கத் தெரியாம அங்கேயே மாட்டிக்கிட்டு நிக்கறேன். நீ கண்ணைத் திறந்து, "வலிக்குதுடி! விடுடி கழுதை!"ன்னு போட்டே ஒரு கத்து. குதிரை இடத்துல வந்து கழுதைன்னு திட்டின முதல் ஆள் நீயாத்தான் இருப்பே. அதைக் கேட்டதும் வாலு அமுக்கறதை விட்டுட்டு உன்னை அடிக்க ஆரம்பிச்சா. ரெண்டு கையாலயும், முகம் தோள்னு பார்க்காம. நீ தடுக்கலை. மேடம் ஓடியிருக்கணும், ஓடலை. பக்கத்துலயே நின்னுச்சு. குதிரைக்காரருக்கே அது ஆச்சரியம்.

இதுவரைக்கும் உனக்குப் பாதியாவது தெரியும். இது தெரியாது. திரும்பி வர்ற வழியில பாதி தூரம் வந்துட்டோம். அவ ரோட்டையே பார்த்துக்கிட்டு சொல்றா: "அம்மாவுக்கு வலிச்சுது சித்தி. அப்பாவுக்கு வலிக்கவே இல்லை. நான் அப்பாவுக்கு மெதுவா அமுக்கிட்டேனா?"

வண்டியை ஓரம் கட்டிட்டேன். அவ விடலை. "நான் தப்பா அமுக்கினதாலதானே அம்மா என்கூடப் பேசறதில்லை?"ன்னா.

நாம உன் அட்ரஸ் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை நாள் தொங்கிட்டிருந்தோம். அந்தப் பிள்ளை அவ்வளவு நாளா தான்தான் அப்பனைக் கொன்னுட்டதா நெனச்சுக்கிட்டு என் வீட்ல தட்டு கழுவிக்கிட்டு இருந்திருக்கா. இல்லடி, அப்படியெல்லாம் இல்லடின்னு கட்டிப் பிடிச்சேன். என்னை நம்பலை. "உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க அங்கே இல்லையே?"ன்னுட்டா. சரிதானே. அங்கே இருந்தது நீங்க ரெண்டு பேர்தான். வா, அக்கா. வந்து அவளுக்கு பதில் சொல்லு. எழுதாதே.

தங்கை


ஏப்ரல் 27

தங்கைக்கு,

இதை உன் வீட்டு சமையலறை மேஜையில உட்கார்ந்து எழுதறேன். நீ சம்மர் கேம்ப் பிள்ளைங்களை விட சாயங்கால ரவுண்டு போயிருக்கே. எழுதாதேன்னே, இருந்தாலும் இதை எழுதி வெச்சுட்டுத்தான் போகணும்.

உன் மொட்டை மாடியில துணி காயற இடத்துல உட்கார்ந்து அவகிட்ட சொல்லிட்டேன். அவ சரியாத்தான் அமுக்கினா. நான் பேசி எத்தனையோ பெரியவங்க பண்ணியிருக்காங்க, அவ அளவுக்கு யாரும் விடாம பண்ணினதில்லை. ஆளுங்க வந்து அவளை விலக்க வேண்டியிருந்தது. அது என் காதுல விழுந்தது. அதோட இன்னொண்ணும் சொன்னேன், உனக்கும் அது தெரியாது. "அப்பா கை ஜில்லுன்னு இருக்கும்மா"ன்னு அவ முதல்லயே சொன்னா. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவ வீட்டுக்குள்ள நுழையறதுக்கு ரொம்ப முன்னாடியே அவர் போயிட்டார். டாக்டரும் பின்னாடி அதைத்தான் சொன்னார். யார் அமுக்கியிருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

"தெரிஞ்சும் ஏம்மா அமுக்கச் சொன்னே?"ன்னு கேட்டா.

நீ தனியா இருந்தேடி, என்னால அங்கே வர முடியலை, உன் கைக்குக் கொடுக்க என்கிட்ட வேற ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்.

அவ காயற துண்டோட நுனியைப் பிடிச்சு முறுக்கினா. நான் சமாதானம் சொல்லலை. அப்புறம் என் மடியில தலையை வெச்சு அழுதா. நான் அழலை. எனக்கு இன்னும் வரலை, வந்ததா உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். அவ தலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். முடி ஈரமா இருந்துச்சு, நீ போட்டுவிட்ட பின்னல். பின்னல் நல்லா இருக்கு.

கீழே இறங்கி வந்ததும் அவளா போய் அவ துணியை எடுத்து என் பையில வைக்க ஆரம்பிச்சா. நான் கேட்கலை. வான்னு ஒரு வார்த்தை சொல்லலை. சாயங்காலம் சித்தி வந்ததும் போகலாமேன்னு சொன்னேன். "இப்பவே போலாம்மா"ன்னா. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், அவர்தான் பஸ் ஸ்டாண்டுல விடறார். உனக்குப் போன் பண்ணி அவளே சொல்றேன்னு சொல்லியிருக்கா.

நீ வர்ற வரைக்கும் இருந்திருக்கணும். இத்தனை மாசம் என் பிள்ளையைப் பார்த்துக்கிட்டவகிட்ட சொல்லாமப் போறது நியாயமே இல்லை. நீ வாசல்ல வந்து நின்னு அவளைப் பார்த்தா, அவ உன் முகத்தைப் பார்த்து, பையைக் கீழே வெச்சுடுவாளோன்னு இருக்கு. அதனாலதான் ஓடறேன். என்னைத் திட்டு.

பயமா இருக்குடி. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.

அக்கா